மொத்தம் 1-ன்னு வந்தா போதுமா?

சமீபத்துல குவாண்டம் டனலிங் பத்தி ஒரு வீடியோ பார்த்தேன்.

இடது பக்கத்துல இருந்து நீலக் கலர்ல ஒரு மேடு வருது. நடுவுல ஒரு சுவர். மேடு போய் மோதுது, வழுவழுன்னு உள்ள நுழையுது, அந்தப் பக்கம் குட்டியா வெளிய வருது. வந்ததும் வேகம் குறைஞ்சு மெதுவா நகருது. "சுவரைத் தாண்டும்போது துகள் தன்னோட ஆற்றல்ல ஒரு பகுதியை இழந்துடுது"ன்னு பின்னணியில ஒரு குரல்.

எனக்கு எரிச்சல் தாங்கல.

இழக்கறதே இல்லைங்க! டனலிங்குக்கான சமன்பாட்டை நிஜமாவே கம்ப்யூட்டர்ல போட்டுத் தீர்த்தா அந்தப் படம் வராது. சுவருக்கு இந்தப் பக்கம் வரிவரியா நெளிவு எழும்பும். அந்தப் பக்கம் வெளிய வர்ற துண்டு, உள்ள போனதை விடக் கொஞ்சம் வேகமாவே ஓடும். (ஆமா, வேகமா. காரணம் கீழ வருது.)

அது யாரோ மனசுல தோணினதை வரைஞ்ச அனிமேஷன். சரி, அப்போ கோடு எழுதி ஓட்டினா உண்மை தானா வந்துடுமா?

வராது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கணக்குப் போட்டு வர்ற படமும் பொய் சொல்லும். அதுவும் ரொம்ப அழகா சொல்லும்.

முதல்ல சமன்பாடு. 1926-ல எர்வின் ஷ்ரோடிங்கர் எழுதினது. சொல்ற விஷயம் எளிமைதான்: அலைச்சார்பு அடுத்த கணம் எப்படி மாறும்ங்கறது, இப்போ அது அந்த இடத்துல எவ்வளவு வளைஞ்சிருக்கு, அங்க நிலையாற்றல் எவ்வளவு, இந்த ரெண்டையும் பொறுத்தது. கூடவே ஒரு 'ஐ' இருக்கு. மைனஸ் 1-ஓட வர்க்கமூலம்.

எல்லா விசேஷமும் அந்த ஐ-லதான். அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது வெப்பம் பரவுற சமன்பாடு. எந்த மேட்டை வெச்சாலும் கரைஞ்சு தட்டையாயிடும். ஐ இருந்தா கரையாது. ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு சின்ன முள் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த முள்ளோட கோணம்தான் ஃபேஸ். நீளத்தோட வர்க்கம்தான் நிகழ்தகவு (அதே 1926-ல மாக்ஸ் போர்ன் சொன்னது). எல்லா இடத்து நிகழ்தகவையும் கூட்டினா எப்பவும் 1 வரணும். துகள் எங்கயாவது இருந்துதானே ஆகணும்!

இனி என் செட்டிங்க்ஸ். நீங்களும் இதே எண்களைப் போட்டா இதே விடை வரும்.

ஹெச்-பார், எலெக்ட்ரான் நிறை ரெண்டையும் 1-ன்னு எடுத்துக்கறேன். அணு அலகுகள். நீளத்துல 1-ன்னா 0.0529 நானோமீட்டர். நேரத்துல 1-ன்னா 24.2 அட்டோசெகண்ட். ஆற்றல்ல 1-ன்னா 27.2 எலெக்ட்ரான் வோல்ட். மைனஸ் 100-ல இருந்து 100 வரைக்கும் ஒரு கோடு, 0.1 இடைவெளியில புள்ளிகள். மொத்தம் சுமார் 2000 புள்ளி. மைனஸ் 50-ல ஒரு காஸியன் அலைப்பொட்டலம், அகலம் 5, அலை எண் 1. அப்போ வேகம் 1, ஆற்றல் 0.5. பூஜ்யத்துல இருந்து 3 வரைக்கும் சுவர், உயரம் 1. அதாவது துகளோட ஆற்றலைப் போல ரெண்டு மடங்கு உயரம்.

பொட்டலம் சுவரைத் தொட 50 அலகு நேரம் ஆகும். நம்ம கடிகாரத்துல 1.2 ஃபெம்டோசெகண்ட். ஒரு எலெக்ட்ரானோட வாழ்க்கையில அவ்வளவு குட்டியான ஒரு காட்சியை உட்கார்ந்து நிதானமா பார்க்கப் போறோம். எனக்கு இதுவே பெரிய சந்தோஷம்.

(பைத்தான், நம்பை, சைபை, மேட்ப்ளாட்லிப் போதும். ஒரு எச்சரிக்கை: அரே உருவாக்கும்போதே அதோட வகை கலப்பெண்தான்னு சொல்லிடுங்க. சாதா தசம எண் அரேவுல கலப்பெண்ணைத் திணிச்சா நம்பை ஒரு வார்னிங் மட்டும் கொடுத்துட்டு கற்பனைப் பகுதியைத் தூக்கிப் போட்டுடும். அப்புறம் ஷ்ரோடிங்கர் எங்க இருப்பார்?)

சரி, நேரத்தை நகர்த்தணும். யாருக்கும் முதல்ல தோணுற வழி ஆய்லர் முறை. இப்போ இருக்கற மாற்ற வேகத்தை எடு, டைம் ஸ்டெப்பால பெருக்கு, கூட்டு. முடிஞ்சது.

இதை வேணும்னே ஓட்டிப் பாருங்கன்னு சொல்லுவேன். வெடிக்கிறதைக் கண்ணால பார்க்கணும்.

ஏன் வெடிக்குது? முள்ளைச் சுத்தறதுக்குப் பதிலா, ஆய்லர் முறை தொடுகோட்டுத் திசையில நேரா ஒரு அடி தள்ளுது. வட்டத்துல இருந்து தொடுகோட்டுல கிளம்பினா எப்பவும் வட்டத்துக்கு வெளியதான் போய் நிக்கும். எவ்வளவு சின்ன அடி வெச்சாலும் வெளியதான். முள் நீளம் கூடும், கூடும், கூடிக்கிட்டே போகும்.

எண்ணுல சொல்றேன். 0.1 இடைவெளி கிரிட்டுல இருக்கக்கூடிய ரொம்ப நெருக்கமான நெளிவுக்கு ஆற்றல் 200. டைம் ஸ்டெப் 0.01-ன்னா அந்த நெளிவு ஒவ்வொரு ஸ்டெப்புலயும் 2.24 மடங்கு ஆகும். கம்ப்யூட்டர் எண்கள்ல 16-வது இலக்கத்துல ஒட்டியிருக்கற ரவுண்டிங் பிழை, 50 ஸ்டெப்புக்குள்ள அசல் அலை அளவுக்கு வளர்ந்துடும். அதுக்கப்புறம் திரை முழுக்க முள்ளுக் காடு.

ஸ்டெப்பை 0.0001 ஆக்கினா? பெருக்கம் 1.0002. பரவாயில்லையேன்னு தோணும். ஆனா ஸ்டெப் எண்ணிக்கையும் கூடுதே! சுமார் 18 அலகு நேரத்துல அதே காடு முளைச்சிடும். பொட்டலம் சுவருக்குப் பாதி வழி கூட வந்திருக்காது.

சரி, தலைகீழா, அடுத்த கணத்தோட மாற்ற வேகத்தை வெச்சு பின்னோக்கி ஆய்லர் போடலாமா? வெடிக்காது. ஆனா முள் வட்டத்துக்கு உள்ள சுருங்கும். 0.01 ஸ்டெப்புல 100 அலகு நேரம் ஓட்டினா மொத்த நிகழ்தகவுல ஐந்துல ஒரு பங்குக்கு மேல காணாமப் போயிருக்கும். எலெக்ட்ரான் எங்கயும் போகல, கணக்கு தின்னுடுச்சு.

ஒண்ணு வெளிய தள்ளுது, ஒண்ணு உள்ள இழுக்குது. பாதி இது, பாதி அது போட்டா?

அதுதான் கிராங்க்–நிக்கல்சன். ஜான் கிராங்க், ஃபிலிஸ் நிக்கல்சன் ரெண்டு பேரும் 1947-ல வெளியிட்டது. அவங்க யோசிச்சது வெப்பம் பரவுறதைப் பத்தி. ஆனா அதையே இங்க கொண்டு வந்து ஐ-யைச் சேர்த்ததும் ஒரு அற்புதம் நடக்குது: மேல ஒரு கலப்பெண், கீழ அதோட இணை எண். வகுத்தா அளவு சரியா 1. தோராயமா இல்ல, மிகச் சரியா 1. முள் சுத்தும், நீளம் மாறவே மாறாது.

ஒவ்வொரு ஸ்டெப்புலயும் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கணும். ஆனா அதுல மூணே மூணு மூலைவிட்டம்தான். தாமஸ் அல்காரிதம்னு ஒண்ணு இருக்கு, மேல இருந்து கீழ ஒரு தடவை, கீழ இருந்து மேல ஒரு தடவை, முடிஞ்சுடும். 2000 புள்ளிக்கு லேப்டாப் கண் சிமிட்டாது. (தாமஸ் முன்சுழற்சி, தாமஸ்–ஃபெர்மி மாடல்ல எல்லாம் வர்ற அதே தாமஸ்தான்!) சைபைல இதுக்கு ரெடிமேடா ஃபங்ஷன் இருக்கு, நாமளே எழுதணும்னு இல்ல.

ஓட்டினா மொத்தம் 1.000000000-ன்னு நிக்குது. படம் அழகா ஓடுது. பெரும்பாலான பேர் இங்க நிறுத்திடுவாங்க. "நார்ம் (அதான், அந்த மொத்தம்) மாறல, அதனால சரி."

இங்கதாங்க எனக்கு ஆட்சேபணை.

இந்த ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. சுவரை எடுத்துடுங்க. அலை எண் 2 போடுங்க. வேகம் 2-ஆ இருக்கணும். டைம் ஸ்டெப் 1 வெச்சு ஓட்டுங்க.

மொத்தம்? 1. அப்பழுக்கில்லாத 1.
வடிவம்? வழுவழுன்னு அழகான மேடு.
வேகம்? 1. பாதி!

எப்படி? கிராங்க்–நிக்கல்சன் முள்ளோட நீளத்தைக் காப்பாத்துது, சரி. ஆனா எவ்வளவு கோணம் சுத்தணும்ங்கறதைத் தோராயமாத்தான் சொல்லுது. ஆற்றல் 2, ஸ்டெப் 1-னா முள் 2 ரேடியன் சுத்தணும். இந்த முறை 1.57 தான் சுத்தும். வேகத்துல வர்ற பிழை அதைவிடப் பெருசு, சரியா பாதியாயிடுது. அதுக்கும் மேல ஒரு கூத்து: நிஜத்துல அலை எண் கூடின கூறுகள் முன்னால ஓடணும். இங்க அதுங்கதான் பின்தங்கும். பொட்டலம் பரவுறது என்னவோ பரவும், ஆனா உள்ளுக்குள்ள வரிசையே தலைகீழா இருக்கும். நிகழ்தகவை மட்டும் வரைஞ்சா இது கண்ணுல படவே படாது.

கல்லாப் பெட்டியில மொத்தம் டேலி ஆகுதுன்னா பணம் தொலையலன்னு அர்த்தம். எந்தச் சரக்கு யார் வீட்டுக்குப் போச்சுன்னு அது சொல்லாது. நார்மும் அப்படித்தான்.

கிரிட் இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். டைம் ஸ்டெப்பை நல்லா குறைச்சுட்டு, இடைவெளியை மட்டும் 0.5 ஆக்குங்க. அலை எண் 2-க்கு வேகம் 1.68 தான் வரும். 16 சதவீதம் குறைவு. அலைநீளம் 3.14, அதுக்குள்ள ஆறு புள்ளி இருக்கு, போதாதான்னு கண்ணுக்குத் தோணும். போதாது. நார்ம் இங்கயும் 1 தான்.

அதனால சுவர் வைக்கிறதுக்கு முன்னாடி நான் கேட்கிற கேள்விகள் ரெண்டு. சராசரி இடம் வேகம் × நேரம்னு நகருதா? பொட்டலத்தோட அகலம் சூத்திரப்படி விரியுதா? 5 அகலப் பொட்டலம் 50 அலகு நேரத்துல 7.07 ஆகணும், 100-ல 11.2 ஆகணும். இது பேப்பர் பென்சில்லயே கிடைக்கிற விடை. விடை தெரிஞ்ச கேள்வியில பாஸாகாத கோடை, விடை தெரியாத கேள்விக்கு நம்பக் கூடாது.

(வேகத்துல திருப்தி இல்லாதவங்களுக்கு இன்னொரு வழி: ஸ்ப்ளிட்-ஆபரேட்டர். 1982-ல ஃபைட், ஃப்ளெக், ஸ்டைகர் மூணு பேர் கட்டுரையால பிரபலமாச்சு. நிலையாற்றலுக்கு அரை ஸ்டெப் முள்ளைச் சுத்து, ஃபூரியே மாற்றம் போடு, அங்க இயக்க ஆற்றலுக்கு முழு ஸ்டெப், திரும்பி வா, மறுபடி அரை ஸ்டெப். சுவர் இல்லாத இடத்துல வேகம் துல்லியமா வரும். எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை. ஒரே விஷயம், இதுல வலது ஓரத்துல வெளிய போற அலை இடது ஓரத்துல உள்ள வந்துடும். ஓரத்துல அலையை உறிஞ்சுற மாதிரி ஏதாவது வைங்க, இல்ல நேரத்தோட நிறுத்திடுங்க.)

இப்போ சுவர். அலை எண் மறுபடி 1.

இந்த உயரத்துக்கும் ஆற்றலுக்கும், துகள் தாண்டுற வாய்ப்போட சூத்திரம் ரொம்ப அழகா சுருங்கும். சுவரோட அகலம் 1-ன்னா 42 சதவீதம் தாண்டும். 2-ன்னா 7 சதவீதம். 3-ன்னா 1 சதவீதம். எப்படிச் சரியுது பாருங்க!

இந்தச் சரிவுதான் ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்புக்கே உயிர். 1981-ல ஐபிஎம் சூரிச் ஆய்வகத்துல பின்னிக், ரோரர் ரெண்டு பேரும் உருவாக்கினது, 1986-ல நோபல். ஊசி முனைக்கும் பரப்புக்கும் நடுவுல தூரம் ஒரு ஆங்ஸ்ட்ரம் மாறினா மின்னோட்டம் கிட்டத்தட்ட 10 மடங்கு மாறும். அதனாலதான் ஒத்தை அணுவோட மேடு பள்ளம் தெரியுது.

அதே உணர்திறன் நம்ம கோடுக்கும் உண்டு. சுவர் 0-ல இருந்து 3 வரைக்கும்னு எழுதறோம். ரெண்டு முனையும் சேர்த்தா 31 புள்ளி. ஒரு முனையை விட்டா 30. ஒரே ஒரு புள்ளிதானேன்னு விட முடியாது. 31 புள்ளி போட்டா சுவரோட அகலம் 3.1 மாதிரி ஆகி, தாண்டுற அளவு 18 சதவீதம் குறைஞ்சுடும். 0.1 அலகுங்கறது 0.005 நானோமீட்டர்! ரெண்டு முனைப் புள்ளியிலயும் சுவருக்குப் பாதி உயரம் வைங்க, சரியாயிடும். இதை நான் எந்தப் புத்தக ஓரத்துலயும் படிக்கல, எண்ணை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துத்தான் புரிஞ்சது.

எல்லாம் சரி பண்ணி ஓட்டினா தாண்டுறது 1 சதவீதம் வராது, 1.2-ஐ ஒட்டி வரும்.

பிழையா? இல்ல, இதுதான் சரி! சூத்திரம் ஒரே அலை எண் உள்ள முடிவில்லாத அலைக்கு. நம்ம பொட்டலத்துல 0.9, 1, 1.1-னு பல அலை எண்கள் கலந்திருக்கு. சுவர் ஒரு வடிகட்டி. வேகமான கூறுகளைத் தாராளமா விடும், மெதுவானதைத் திருப்பி அனுப்பும். அதனால மொத்தம் கொஞ்சம் கூடுது. அதனாலதான் வெளிய வர்ற துண்டோட சராசரி வேகம் 1 இல்ல, சுமார் 1.06. ஆறு சதவீதம் அதிகம்.

யாரும் ஆற்றலை இழக்கல. யாருக்கும் யாரும் ஆற்றல் கொடுக்கவும் இல்ல. வேகமா இருந்தவங்க அந்தப் பக்கம் போனாங்க, அவ்வளவுதான்.

முதல் தடவை இந்த 1.06 திரையில வந்தப்போ நான் எழுந்து நின்னுட்டேன்.

படம் வரையறதைப் பத்தியும் சில அபிப்பிராயம் இருக்கு, சொல்லிடறேன்.

ஒண்ணு. 1 சதவீதத்தை நிகழ்தகவா வரைஞ்சா கண்ணுக்கே தெரியாது, கோட்டோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். அதுக்காக வலது பக்கத்தை மட்டும் பெருசாக்கி ஏமாத்தாதீங்க. வர்க்கத்தை விட்டுட்டு முள்ளோட நீளத்தை வரைங்க. 0.012-ஓட வர்க்கமூலம் 0.11. பத்துல ஒரு பங்கு உயரம், நல்லா தெரியும். இல்லேன்னா லாக் ஸ்கேல்.

ரெண்டு. ஒய்-அச்சை முதல்லயே பூட்டிடுங்க. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மேட்ப்ளாட்லிப் தானா அளவை மாத்திக்கிட்டா, பொட்டலம் பரவி உயரம் குறையறதே தெரியாமப் போயிடும்.

மூணு. ஃபேஸுக்கு நிறம் கொடுங்க! பெர்ன்ட் தாலர் 2000-ல போட்ட 'விஷுவல் குவாண்டம் மெக்கானிக்ஸ்' புத்தகம் முழுக்க இந்த நிறம்தான். கோணம் வட்டமா வர்ற விஷயம், அதனால நிறமும் வட்டமா வரணும். 180 டிகிரியும் மைனஸ் 180-ம் ஒரே நிறமா இருக்கணும். மேட்ப்ளாட்லிப்ல ட்வைலைட்னு ஒரு நிறத்தொகுதி இதுக்குன்னே இருக்கு. விரிடிஸ் போட்டா இல்லாத இடத்துல ஒரு வெட்டுக்கோடு தெரியும்.

நிறம் போட்டதும் ஒரு காட்சி கிடைக்கும், அதுக்காகவே இத்தனை வேலையும் செய்யலாம். மேடு 1 வேகத்துல போகும். உள்ள இருக்கற நிறப்பட்டைகள் 0.5 வேகத்துலதான் போகும். பட்டைகள் மேட்டோட முன்பக்கத்துல பிறந்து, பின்னோக்கி நழுவி, வால்ல மறையும். எல்லா இடத்துலயும் நிலையாற்றலோட ஒரே எண்ணைக் கூட்டிப் பாருங்க: பட்டைகளோட ஓட்டம் மாறும், மேடு இம்மியும் மாறாது. ஃபேஸோட தனி வேகத்துக்கு அர்த்தமில்ல, வித்தியாசத்துக்குத்தான் அர்த்தம்னு வகுப்புல சொல்றது கண் முன்னாடி நடக்கும். (இதுவே உங்க கோடுக்கு இன்னொரு நல்ல பரீட்சை.)

அப்புறம் மோதல். சுவருக்கு முன்னாடி எழும்புற வரிகள். வர்ற அலையும் திரும்புற அலையும் குறுக்கிடறதால வர்றது. வரிக்கும் வரிக்கும் இடைவெளி 3.14-ஐ ஒட்டி இருக்கணும், அலைநீளத்துல பாதி. அளந்து பாருங்க. அந்த வரிகள் இல்லாத டனலிங் படத்தை நம்பாதீங்க.

இதெல்லாம் புது விஷயமும் இல்ல. கோல்ட்பெர்க், ஷை, ஷ்வார்ட்ஸ் மூணு பேர் இதே அலைப்பொட்டலம், இதே மாதிரி சுவர், இதே பாதிக்குப் பாதி முறையை வெச்சு கம்ப்யூட்டர்ல சினிமாவே எடுத்தாங்க. 1967-ல அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்ல வந்துச்சு. லியோனார்ட் ஷிஃப் எழுதின குவாண்டம் பாடப் புத்தகத்தோட மூணாம் பதிப்புலயும் அந்தப் படங்கள் உண்டு. அதுல அந்த வரிகள் பளிச்னு இருக்கு! அன்னைக்கு ஒரு பெரிய ஆய்வகத்து மெஷின் செஞ்ச வேலையை இன்னைக்கு நம்ம மடியில இருக்கற லேப்டாப் நொடிகள்ல முடிக்குது. அப்படி இருக்கும்போது கையால வரைஞ்ச மேட்டைக் காட்டிப் பாடம் நடத்தறதுக்கு என்ன காரணம் இருக்கு?

அடுத்து எனக்கு ரெண்டு பரிமாணம், இரட்டைத் துளை. 1024-க்கு 1024 கிரிட்னா பத்து லட்சத்துச் சொச்சம் கலப்பெண், 16 மெகாபைட். சாதாரண விஷயம். ஆனா மூணு பரிமாணத்துல ரெண்டு எலெக்ட்ரான்னு போனா அச்சு ஆறு. அச்சுக்கு வெறும் 100 புள்ளி வெச்சாலும் 16 டெராபைட். அங்க இந்த நேர்வழி நின்னுடும், வேதியியல்காரங்க வேற வழி தேடினது அதனாலதான். அது தனிப் பதிவு.

இப்போதைக்கு உங்க வேலை இது. சுவர் வேண்டாம். இடைவெளி 0.1, அலை எண் 2, டைம் ஸ்டெப் 1. மொத்தத்தையும் வேகத்தையும் குறிச்சுக்கோங்க. அப்புறம் ஸ்டெப்பை 0.01 ஆக்கி மறுபடி ஓட்டுங்க. ரெண்டு தடவையும் மொத்தம் 1 தான் வரும். வேகம் ஒரு தடவை 1, இன்னொரு தடவை 2-ஐ ஒட்டி. எதை நம்பறதுன்னு அதுக்கப்புறம் யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல.